டீசலை அடைத்தும் எஞ்சின் நிற்காவிட்டால்

யாழ்ப்பாணத்தில் குறிகட்டுவான், நயினாதீவுப் பக்கம் படகு எஞ்சின் வேலை 12 வருடமாகச் செய்கிறேன். ஒருநாள் நடுக்கடலில் எஞ்சின் தானாகவே வேகம் ஏறியது. டீசலை அடைத்தேன். சத்தம் இன்னும் கூடியது, நீலப் புகை கக்கியது. தன் ஒயிலையே குடித்து ஓடுகிறது என்று விளங்கிவிட்டது.

இப்படி வந்தால் காற்றை மறியுங்கள். ஆட்களை எஞ்சினுக்குத் தூரமாக அனுப்பிவிட்டு, காற்று இழுக்கும் வாயில் தட்டையான பலகையை அழுத்துங்கள். கையை வைக்கவே வேண்டாம். சீலையையும் உள்ளே இழுத்துவிடும். நான் றப்பர் ஒட்டிய பிளைவுட் துண்டொன்றை எஞ்சினுக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டிருப்பேன். அன்று அதை வைத்ததும் பலகை அப்படியே ஒட்டிக்கொண்டது. எஞ்சின் இரண்டு தரம் உதறி நின்றது. கார்பன் டையொக்சைட் தீயணைப்பான் இருந்தால் அதையும் வாய்க்குள் அடிக்கலாம்.

நின்ற பிறகு தயவுசெய்து திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீர்கள். நங்கூரம் போட்டு, ஆறியதும் ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியை இழுத்துப் பாருங்கள். மட்டம் ஏறி டீசல் மணத்தால், டீசல் பம்போ, டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரோ ஒயிலுக்குள் கசிகிறது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இருந்தால், அதில் ஒயில் கசியாமல் தடுக்கும் ‘சீல்’ எப்படி இருக்கிறது என்றும், அப்புறம் பிஸ்டன் றிங்கையும் பாருங்கள்.