பழைய ஸ்டோர் பலகையில் சாப்பாட்டு மேசை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையகத்தில் மூடிக்கிடந்த ஸ்டோரோ (தேயிலைத் தொழிற்சாலை) பழைய பங்களாவோ இடிபடும்போது இறங்கும் மரம் அருமையானது. கொழுந்து வாட்டிய மாடியின் தளப்பலகை, கூரையின் கைமரம், உத்திரம் என்று நல்ல நீளமும் தடிப்பும் உள்ள துண்டுகள் கிடைக்கும். கந்தப்பளையில் ஹெதர்செட் ஸ்டோர் 1996இல் ஹோட்டலாக மாறியதால் கட்டடமே பிழைத்தது. எல்லாக் கட்டடத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. மரமாவது பிழைக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலான மேசைகளைக் கெடுப்பது ஈரம்தான். “பழைய மரம்தானே, இனி என்ன காயப்போகிறது?” என்று பலரும் கேட்கிறார்கள். எவ்வளவு பழையதாக இருந்தாலும், சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மரம் ஊதும், சுருங்கும். நுவரெலியாவின் மழையிலும் மூடுபனியிலும் இருந்த பலகையைக் கழற்றிய வாரமே மேசையாக்கி, கொழும்பில் ஏசி ஓடும் வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? நீளத்தில் மாற்றம் பெரிதாகத் தெரியாது. அகலத்தில் தெரியும். மூன்றடி அகலமான மேற்பலகை கால் அங்குலமோ அதற்கு மேலுமோகூடச் சுருங்கலாம். அதற்கு இடம்விடாமல் அடியிலுள்ள மரச்சட்டத்தோடு பசையும் ஆணியுமாக இறுக்கியிருந்தால் பலகை வெடித்துவிடும்.

அதனால் பலகைகளுக்கு நடுவே சிறு ரீப்பை (மெல்லிய மரத்துண்டு) வைத்து அடுக்கி, மேசை வரப்போகும் வீட்டிலேயே சில வாரம் காயவிடுங்கள். ஈரமானி வைத்திருக்கும் தச்சு பாஸிடம் பல இடங்களில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அளவு இறங்கி ஓரிடத்தில் நின்ற பிறகு வேலையைத் தொடங்கலாம். மேற்பலகையைப் பூட்டும் ஸ்குரூக்களுக்கு வட்டத் துளை போடாமல் நீள்துளை போடச் சொல்லுங்கள். மேலே பூசும் வார்னிஷை அடிப்பக்கமும் அதே அளவு பூச வேண்டும். யாருக்கும் தெரியாத பக்கம்தானே என்று அதை விட்டால், ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை வளையும்.

அடுத்தது, எந்த மரம் சாப்பாட்டு மேசைக்கு ஆகாது என்று பார்க்காமல் வாங்குவது. ரயில் பாதையிலிருந்து கழற்றிய சிலிப்பர் கட்டை பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் உளுக்காமலிருக்க கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏற்றிய கட்டைகள் அவற்றில் உண்டு. அந்த நஞ்சு சீவினாலும் போகாது. தோட்டத்து பெஞ்சுக்குக்கூட நான் பரிந்துரைக்க மாட்டேன். பங்களாக் கதவுகளின் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். இலங்கையில் பெயின்டின் ஈய அளவுக்குச் சட்ட வரம்பு 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதைக் காய்ந்தபடி சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்க்கவே வேண்டாம்.

முறிந்து உள்ளே தங்கிய ஆணிகளைக் காந்தத்தாலோ உலோகங்காட்டியாலோ தேடி எடுத்த பிறகே மெஷினில் போடுங்கள். பலகையைத் தட்டும்போது சிறு துளைகளிலிருந்து மாவு போலத் தூள் கொட்டினால் உள்ளே வண்டு இன்னும் உயிரோடு இருக்கலாம். அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

யாரிடம் வாங்குகிறோம் என்பதையும் கவனியுங்கள். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனாலும் நிலம் அரசுடையது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கைமரத்தை அங்கே குடியிருப்பவர் விற்றால், பிறகு பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். மலிவாகக் கிடைக்கிறது என்று அவரை அந்த நிலைக்குத் தள்ளாதீர்கள். தோட்ட நிர்வாகத்தின் கடிதம் இருந்தால் மட்டும் வாங்குங்கள். லொறியில் ஏற்றும் முன் அனுமதி பற்றி வன அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அளவு விஷயம் எளிது. உயரம் 30 அங்குலம், ஆளுக்கு 24 அங்குல இடம். தடித்த உத்திரத்தைச் சட்டமாக வைக்க ஆசைப்பட்டால் முழங்கால் இடிக்கும், தரையிலிருந்து சட்டம் வரை 24 அங்குலமாவது விடுங்கள். அப்புறம், நம் பக்கத்தில் பல வீடுகளுக்கு லொறி போகாது, படிக்கட்டில் தோளில்தான் தூக்கிப்போக வேண்டும். கால்களைக் கழற்றிப் பூட்டும்படி செய்யச் சொல்லி, வாசல் அகலத்தையும் பாஸிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.