டம்பெல் இல்லாமலே வீட்டுல ஸ்ட்ரெங்த் ட்ரெயினிங்: முதுகை மட்டும் விட்டுடாதீங்க

வெயிட் ட்ரெயினிங் ஆரம்பிக்கப் போறேன்னு சொல்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் முதல் வேலையா டம்பெல் ஆர்டர் போட்டுடுவாங்க, அப்புறம் அது கட்டிலுக்கடியில தூசி படிஞ்சு கிடக்கும். முதல் ரெண்டு மாசத்துக்கு அதெல்லாம் வேணாங்க. ஆடாத ஒரு நாற்காலி, பட்டை கெட்டியா இருக்கிற ஒரு பேக், நாலஞ்சு தண்ணி பாட்டில், போதும்.

எத்தனை நாள்? உலக சுகாதார நிறுவனத்தோட 2020 வழிகாட்டுதல்ல பெரியவங்க வாரத்துக்கு குறைஞ்சது 2 நாள் தசைக்கு வேலை குடுக்கணும்னு இருக்கு. 2ல ஆரம்பிங்க, முடிஞ்சா 3, ஆனா நடுவுல ஒருநாள் கேப் விடுங்க. தசை தேறி வர்றதே அந்த ரெஸ்ட்லதான்.

காலுக்கு ஸ்குவாட். நாற்காலில கை ஊனாம உக்காந்து எந்திரிங்க, தொப்புன்னு விழாம மூணு செகண்ட் எடுத்து இறங்குங்க, முழங்கால் உள்பக்கம் மடங்காம கால்விரல் பாக்குற திசையிலயே போகட்டும். நெஞ்சுக்கும் கைக்கும் புஷ்அப். தரையில செய்யுறப்ப உடம்பு எடையில சுமார் மூணுல ரெண்டு பங்கு கையில வரும், அதனால முதல்ல சுவத்துல கை வெச்சு பண்ணுங்க, அது ஈஸியானதும் கனமான மேஜை, அப்புறம் தரை. சுவத்துல பண்றதுல ஒரு வெக்கமும் இல்ல. இடுப்புக்குக் கீழ பின்பக்கத்துக்கு, மல்லாக்கப் படுத்து முழங்காலை மடிச்சு இடுப்பைத் தூக்குற பிரிட்ஜ். வயித்துக்கு 20 செகண்ட் பிளாங்க், அதாவது முழங்கையும் கால்விரலும் மட்டும் தரையில ஊனி உடம்பை நேரா பிடிச்சு நிக்கிறது.

இப்ப முதுகு. வீட்டுல பண்றவங்க பெரும்பாலும் கோட்டை விடுறது இங்கதான், ஏன்னா தள்ளுறதுக்கு தரை இருக்கு, இழுக்குறதுக்கு ஒண்ணும் இல்ல. அதுக்குதான் பேக். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, சோ ஒரு லிட்டர் பாட்டில் 4 போட்டா 4 கிலோ, உள்ள குலுங்காம இருக்க ஒரு துண்டைத் திணிச்சுடுங்க. ஒரு கையை நாற்காலில ஊனி, முதுகு வளையாம இடுப்புல இருந்து குனிஞ்சு, இன்னொரு கையால பேக்கை இழுங்க, இழுக்கிறது தோள்பட்டைக்கு இல்ல, இடுப்பு எலும்பைப் பாத்து, முழங்கை விலாவை உரசிட்டுப் போற மாதிரி. மேல ஒரு செகண்ட் நிறுத்தி மெதுவா இறக்குங்க. தோள் காதுப்பக்கம் ஏறுதுன்னா வெயிட் ஜாஸ்தி, ஒரு பாட்டிலை எடுத்துடுங்க.

பிளாங்க் தவிர மத்ததெல்லாம் நிறுத்தாம 8லருந்து 12 தடவை, அது ஒரு செட், அப்படி 2 செட். இன்னும் ரெண்டு தடவை முடியும்ங்கிற நிலையில நிறுத்திக்கோங்க, கை கால் நடுங்கி விழற வரைக்கும் போக வேணாம். ரெண்டு செட்லயும் 12 வந்துடுச்சா, அடுத்த தடவை ஏதாவது ஒண்ணை மட்டும் கஷ்டமாக்குங்க, ஒரு பாட்டில் கூட்டலாம், இன்னும் மெதுவா இறங்கலாம். இதைப் பண்ணாம மாசக்கணக்கா அதே 12ஐப் போட்டுட்டு ஒண்ணும் ஏறலயேன்னு கேட்டா எப்படி ஏறும்? போன்ல குறிச்சு வெச்சுக்கோங்க, ஞாபகத்தை நம்பாதீங்க.

மூச்சை அடக்காதீங்க, பிரஷர் எகிறும். தூக்குறப்ப விடுங்க, இறக்குறப்ப இழுங்க. பிபி, இதயப் பிரச்சினை, சமீபத்துல ஆபரேஷன், கர்ப்பம்னா டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க.

மறுநாளைவிட ரெண்டாம் நாள் உடம்பு அதிகமா வலிக்கலாம், அது சகஜம், தானா போயிடும். மூட்டுல சுருக்குன்னு குத்தினா அது வேற, உடனே நிறுத்துங்க. முதல் சில வாரத்துல பலம் கூடுறது பெரும்பாலும் நரம்பு பழகுறதாலதான், கண்ணாடில தெரிய இன்னும் நாளாகும்.

பேக்ல இனி இடமே இல்லங்கிறப்ப ரெசிஸ்டன்ஸ் பேண்டோ (இழுத்துப் பயிற்சி பண்ற ரப்பர் பட்டை) டம்பெல்லோ வாங்கிக்கலாம். பேண்டுன்னா ஒவ்வொரு தடவையும் விரிசல் இருக்கான்னு இழுத்துப் பாருங்க, கதவுல மாட்டுறதா இருந்தா நீங்க இழுக்க இழுக்க கதவு மூடுற பக்கமா நின்னுக்கோங்க, இல்லன்னா கதவு உங்க மேலதான் வரும்.