6850 சீரியல் சிப் பேசாவிட்டால் முதலில் 24-ஆம் பின்னைப் பாருங்கள்

வீட்டிலேயே இசட்80 (பழைய 8-பிட் பிராசசர்) கம்ப்யூட்டர் கட்டி, டெர்மினலில் (அதோடு எழுத்து வழியே பேசும் திரை) ஒரு எழுத்துகூட வரவில்லையென்றால், எழுத்துகளை அனுப்பிப் பெறும் 6850 சிப்பை உடனே கழற்றி மாற்ற வேண்டாம். முதலில் யூஎஸ்பி சீரியல் கேபிளை போர்டிலிருந்து எடுத்து, அதன் டிஎக்ஸ் (அனுப்பும் கம்பி), ஆர்எக்ஸ் (பெறும் கம்பி) இரண்டையும் ஒன்றாக இணைத்துத் தட்டச்சு செய்யுங்கள். அடித்தது திரையில் திரும்பி வந்தால் கேபிளும் டெர்மினலும் சரி, கோளாறு போர்டு பக்கம்தான்.

அப்புறம் மல்டிமீட்டரை எடுத்து 6850-இன் 24-ஆம் பின்னை அளந்து பாருங்கள். அதுதான் சிடிஎஸ், அதாவது 'இப்போது அனுப்பலாம்' என்ற சிக்னலை சிப் பெறும் பின். அது 5 வோல்ட்டில் நின்றால் அனுப்பத் தயார் என்ற பிட்டை சிப் காட்டவே காட்டாது, புரோகிராம் அங்கேயே காத்துக் கிடக்கும்; எங்கும் இணைக்கப்படாமல் தொங்கினாலும் இப்படி ஆகலாம். எத்தனையோ நல்ல சிப்கள் இதனால்தான் குப்பைக்குப் போகின்றன! ஃப்ளோ கண்ட்ரோல் (மறுமுனை 'நிறுத்து, அனுப்பு' என்று கட்டுப்படுத்துவது) வேண்டாமென்றால் அதை கிரவுண்டில் கட்டிவிடுங்கள், 23-ஆம் பின்னையும் (டிசிடி, மறுமுனையின் சிக்னல் இருக்கிறதா என்று அறியும் பின்) சேர்த்து.

எழுத்துகள் கன்னாபின்னாவென்று வந்தால் அது வேகப் பிரச்சினை. 7.3728 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கை 64-ஆல் வகுத்தால் வினாடிக்குச் சரியாக 115200 பிட். அந்த இடத்தில் 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் போட்டால் 125000 ஆகிவிடும், டெர்மினலோடு ஒத்துப்போகாது.

மேக்ஸ்232 (சீரியல் சிக்னலின் வோல்ட்டேஜை மாற்றும் சிப்) இருந்தால் அதன் 6-ஆம் பின்னில் நெகட்டிவ் 8 வோல்ட்டுக்குக் குறையாமல் வரவேண்டும். வரவில்லையா, பக்கத்துக் கெப்பாசிட்டர்களின் துருவத்தைச் சரிபாருங்கள்.