ஆய்வு நிதிக்கு ஆள் விவரம் எடுக்கப் போகிறவர்களுக்கு

பிரதேச செயலகத்துக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி, தங்கச்சிமாருக்கு இதை எழுதுகிறேன். சிறுதொழில் செய்கிறவர்களுக்கு அரசாங்கம் ஆய்வு நிதி கொடுக்கப் போகிறது என்று ஒரு கடிதம் வரும். அதன் அடியில் "ஒரு கிழமைக்குள் விண்ணப்பதாரர் விவரங்களைத் திரட்டி அனுப்பவும்" என்று இருக்கும். கூடவே ஒரு எக்செல் தாள்: பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், தொழில், கேட்கும் தொகை. போனில் கேட்டே நிரப்பிவிடலாம் போலத் தெரியும். நானும் முதல் வருசம் அப்படித்தான் செய்தேன். அனுப்பியதில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது.

ஆகவே வீட்டுக்கே போங்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போகப் பாதைப் படகுக்குக் காத்து நிற்கவும் தேவையில்லை, அந்தச் சாட்டும் உங்களுக்கு இல்லை. போனால், வாயால் சொல்வதை எழுதாமல் காகிதத்தை வாங்கிப் பார்த்து எழுதுங்கள்.

முதலில் பெயர். தமிழில் ஒரே பெயர்தான், ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் நாலு ஆள் ஆகிறது. தர்ஷினி என்பதற்கு அடையாள அட்டையில் 'டி.எச்.' போட்டிருக்கும், வங்கிப் புத்தகத்தில் வெறும் 'டி', வியாபாரப் பதிவில் 'ரி.எச்.'. காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கம் முகம்மது என்ற பெயரில் ஒரு 'எம்'மா இரண்டு 'எம்'மா என்பதிலேயே ஒரு விண்ணப்பம் நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் மூன்று காகிதத்தையும் பாயில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் நீங்களாகத் திருத்தி எழுதக் கூடாது. மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக் கடதாசி வேண்டிவரும், அதை அன்றைக்கே சொல்லிவிட்டு வாருங்கள். கடைசி நாளில் சொன்னால் அந்த மனிசி எங்கே ஓடும்?

அடையாள அட்டை இலக்கத்தில் ஒரு சின்ன வித்தை இருக்கிறது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும். 2016இலிருந்து வருகிற புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கம். பழையதில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருசம், அடுத்த மூன்று அந்த வருசத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். மகேஸ்வரி என்று பெயரை எழுதிவிட்டுப் பக்கத்தில் 214 என்று நாள் வந்தால், நீங்கள் புருசனின் அட்டையைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஆளுக்கு ஓரிடத்தில் பழைய இலக்கம், இன்னோரிடத்தில் புதியது என்று போடாதீர்கள், கணினிக்கு அது இரண்டு ஆள்.

முகவரியும் அப்படியே. 2004 சுனாமிக்குப் பிறகு நாவலடியிலிருந்து திராய்மடுவுக்குப் போன குடும்பங்களில் பழைய அட்டையை மாற்றாமல் வைத்திருக்கிறவர்களைக் காணலாம். இப்போது இருக்கிற கிராம சேவகர் பிரிவு எது என்று தனியாகக் கேட்டு எழுதுங்கள்.

தொழில் நடக்கிற இடம் யாருடையது என்ற கேள்விக்கு "என்ட வீடுதான்" என்று அண்ணன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். காணி உறுதியைக் கேட்டால் மனிசியின் பெயரில் இருக்கும். நம் பக்கத்தில் வீடு வளவு பெண்ணுக்குச் சீதனமாகப் போவதுதானே வழக்கம். கொழும்பில் விண்ணப்பத்தைப் பார்க்கிறவருக்கு அது தெரியாது. வியாபாரப் பதிவு ஒருவர் பெயரில், காணி இன்னொருவர் பெயரில் என்றால் அவருக்குச் சந்தேகம் வரும். மனிசியிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கி இணைத்தால் முடிந்தது. அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி என்றால் பெர்மிட்டின் பிரதி. அக்காவே தொழிலைச் செய்து, அண்ணன் பெயரில் பதிவு இருக்கிற இடங்களும் உண்டு. அங்கே விண்ணப்பதாரர் யார் என்று முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். நான் அக்கா பக்கம்தான் நிற்பேன்.

வருமானக் கேள்வியை நேரே கேட்டால் பதில் வராது, வந்தாலும் குறைத்துத்தான் வரும், அரசாங்கத்தின் அஸ்வெசும உதவியை (2023க்கு முன் சமுர்த்தி) வெட்டிவிடுவார்களோ என்ற பயம். சட்டி கணக்கில் கேளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை சட்டி தயிர், மாரியில் எத்தனை, கடைக்காரர் சட்டிக்கு என்ன தருகிறார், உடைசல் எத்தனை. அதை நீங்களே பெருக்கி வருடப் புரள்வாக, அதாவது வருடத்தின் மொத்த விற்பனைத் தொகையாக எழுதலாம். சிறு, நடுத்தர முயற்சிகளுக்கான 2016இன் தேசியக் கொள்கைப்படி 10 பேர் வரை வேலை செய்து, வருடப் புரள்வு 15 மில்லியன் ரூபாவுக்குள் இருந்தால் அது நுண் முயற்சி. உற்பத்தித் தொழிலில் 11 முதல் 50 பேர் வரை, 16 முதல் 250 மில்லியன் வரை என்றால் சிறு முயற்சி. நம் ஆட்கள் பெரும்பாலும் முதல் வகைதான். சம்பளம் வாங்காமல் பால் காய்ச்சுகிற மாமியையும் ஆள் கணக்கில் சேருங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம். கஷ்டம் இனித்தான் இருக்கிறது. "ஆய்வின் நோக்கம்" என்று போமில் ஒரு பெட்டி. அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் எழுதுவது "மெசின் வாங்க". மெசினுக்குக் கடன் கொடுக்க வங்கி இருக்கிறது. ஆய்வு நிதி கேட்பது, உங்களுக்கு இன்னும் தெரியாதது எது, அதைக் கண்டுபிடிக்க என்ன செய்யப் போகிறீர்கள் என்று.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் எருமைத் தயிர் போடுகிற ஒரு பெரியம்மாவின் வீட்டுக்குப் போனேன். முந்தின தடவை மெசின் கேட்டு எழுதி, மறுத்துக் கடிதம் வந்திருந்தது.

"பெரியம்மா, உங்களுக்கு இதில என்ன விளங்காம இருக்கு?"

"எனக்கென்ன மகள் விளங்காம? முப்பது வருசமா போடுறன்."

மறுகா ஒல்லுப்போல நேரம் கழித்து அவவே சொன்னா. "ஒரே பால், ஒரே உறைதான். சில சட்டி அஞ்சாம் நாளே புளிச்சுத் தண்ணி விடுது. சிலது எட்டு நாள் நிக்குது. அதான் ஏனெண்டு தெரியல்ல."

என்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்டேன். எழும்பி அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனா. சுவரில் கரியால் கோடு கோடாக இழுத்திருந்தது. ஒரு வரிசை புதுச் சட்டி, ஒரு வரிசை கொதிதண்ணியில் அவித்தெடுத்த சட்டி, ஒரு வரிசை பழைய சட்டி. ஒரு கோடு ஒரு நாள். புளித்த இடத்தில் கோட்டுக்குக் குறுக்கே ஒரு வெட்டு. அவித்த சட்டியின் வரிசை மற்ற இரண்டையும் விட நீளமாகப் போயிருந்தது. மண்சட்டியின் துளைகள் தயிரின் தண்ணியை உறிஞ்சுவதால்தான் அது கட்டியாக வருகிறது. அந்தத் துளைக்குள் பழைய புளிப்பும் தங்குமா என்பதுதான் அவவின் கேள்வி, அவவுக்கே தெரியாமல்.

சுவரைத் திகதி தெரியப் படம் எடுத்து விண்ணப்பத்தோடு இணைத்தேன். நோக்கம் என்ற பெட்டியில் அவ சொன்னதையே எழுதினேன்: சட்டியைச் சுத்தம் செய்யும் முறைக்கும் தயிர் நிற்கும் நாளுக்கும் உள்ள தொடர்பு. மெசின் என்ற சொல் எங்கும் வரவில்லை.

எனவே உங்கள் கொப்பியில் இந்த நாலு கேள்வியை எழுதி வைத்திருங்கள்: எது சரிவரவில்லை, ஏன் என்று நினைக்கிறீர்கள், இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள், சரிவந்தது என்று எதை வைத்துச் சொல்வீர்கள். பதிலை அவர்கள் பேச்சிலேயே எழுதி எடுங்கள், பிறகு திருத்தலாம். கருவாடு, கைத்தறி, செங்கல் எதுவானாலும் இந்தக் கேள்விகள் வேலை செய்யும்.

இப்படியான நிதியில் உலகம் முழுக்கப் பேசப்படுவது அமெரிக்காவின் எஸ்.பி.ஐ.ஆர். (சிறுதொழில் புத்தாக்க ஆய்வு) திட்டம், 1982இல் சட்டமானது. அங்கே 500 பேர் வேலை செய்கிற கம்பனியும் சிறுதொழில்தானாம். நம் ஊரில் அப்படி ஒன்று இருந்தால் ஆள் ஏற்ற பஸ் விடுவார்கள். ஆனால் அவர்கள் வேலையைப் பிரிக்கிற விதம் நல்லது. முதல் கட்டத்தில் இது நடக்குமா என்று மட்டும் பார்ப்பது, இரண்டாவதில் பொருளை உருவாக்குவது, மூன்றாவது சந்தை, அதற்கு அந்தத் திட்டத்தில் பணம் கிடையாது. நம் ஆட்கள் மூன்றையும் ஒரே தொகையாகக் கேட்பார்கள். பிரித்து எழுத வையுங்கள். பெரியம்மாவின் முதல் கட்டத்துக்குச் சட்டியும் பாலும் ஆய்வுகூடச் செலவும்தான் வந்தது.

ஆய்வுகூடம் என்றால் யார் சோதிப்பார்கள் என்ற பெயரும் வேண்டும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அம்பாறைப் பக்கத்து ஆட்களுக்கு ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். விரிவுரையாளரின் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும், "சேர் ஓமெண்டவர்" என்பது போதாது. எந்த மாதத்தில் செய்வது என்றும் கேளுங்கள். பெரும்போக விதைப்புத் தொடங்கினால் மாடுகள் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைப் பக்கம் போய்விடும். பால் குறைகிற மாதத்தில் ஆய்வு தொடங்கும் என்று எழுதிக் கொடுத்தால் சிரிப்பார்கள்.

தொழில் ரகசியத்தைக் கேட்டு எழுதாதீர்கள். என்ன பலன் கிடைக்கிறது என்பது போதும், உறையில் என்ன கலக்கிறார் என்பது உங்களுக்கு எதற்கு?

இதில் என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒருமுறை பதினொரு பேரின் அடையாள அட்டைப் படங்களை என் மேலதிகாரிக்கு அனுப்புவதாக நினைத்து, ஊர்ச் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். அழிப்பதற்குள் முப்பது பேர் பார்த்துவிட்டார்கள். வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொன்ன தேவைக்கு வேண்டிய விவரத்தை மட்டும் எடுக்கச் சொல்கிறது. இப்போது என் போனில் யாருடைய அட்டையும் இல்லை. போட்டோகொப்பி எடுத்தால் அதன் குறுக்கே எந்த விண்ணப்பத்துக்கு என்று எழுதி, அவர்களிடமே கையெழுத்து வாங்குகிறேன்.

போன் இலக்கம் இரண்டு எடுங்கள், யாருடையது என்றும் எழுதுங்கள். ஒன்று கட்டாரில் இருக்கிற மகனுடையதாக இருக்கும்.

நிரப்பியதை அவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். முழுப் பிரதி ஒன்றை அவர்கள் கையில் கொடுத்து, பதிவுத் தபால் துண்டை அதன் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பெரியம்மா அந்தத் துண்டை உறுதி வைத்திருக்கிற தகரப் பெட்டிக்குள் வைத்தா.