கொட்டிலியன் மேடைக்கு மகளைத் தயார்செய்வது எப்படி

அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்கள், பள்ளியிறுதியை நெருங்கும் மகளை வெள்ளை உடையில் சபைமுன் நிறுத்தி அறிமுகம் செய்யும் விழாவே கொட்டிலியன். வெள்ளையரின் நடன அரங்குகளில் தம் பெண்களுக்கு இடமில்லாதிருந்த காலத்தில், 1890களில் நியூ ஆர்லியன்ஸில் அமைந்த ஒரிஜினல் இல்லினாய்ஸ் கிளப் இவ்வழக்கை வளர்த்தது. இன்று பல நகரங்களில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா போன்ற மகளிர் சங்கங்களின் கிளைகள் இதை நடத்துகின்றன.

பெயர் கொடுப்பதற்கு முன்பே பணக்கணக்கைக் கேட்டுவிடுவது நல்லது. பங்கேற்புக் கட்டணத்தோடு, குடும்பம் விற்றுத்தர வேண்டிய நுழைவுச்சீட்டுகளும், விழாமலருக்குத் திரட்ட வேண்டிய விளம்பரங்களும் இருக்கலாம். அந்தத் தொகையிலிருந்து கல்வி உதவித்தொகை வழங்குவது பல கிளைகளின் வழக்கம் என்பதால், எவ்வளவு அதற்குப் போகிறது என்று கேட்பதில் தவறில்லை.

பிறகு மாதக்கணக்கில் பயிற்சி நடக்கும். மேசை நாகரிகம், சமூகசேவை, கல்லூரி விண்ணப்பம், வால்ட்ஸ் என்னும் ஜோடி நடனம் என எல்லாம் அதில் உண்டு. ஆனால் எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்க வேண்டியது, மேடையில் அவள் தாழ்ந்து செய்யும் வணக்கத்துக்குத்தான். இடக்காலில் எடையை ஊன்றி, வலக்காலை அதன் பின்னால் குறுக்காக நகர்த்தி, முழங்கால்களை மடக்கி, முதுகு வளையாமல் மெல்லக் கீழிறங்க வேண்டும். இறங்குவது எளிது, எழுவதுதான் சோதனை: பின்கால் பாவாடையின் உள்விளிம்பை மிதித்திருந்தால், அவள் எழும்போது உடை கீழே இழுக்கும். ஆகவே ஜீன்ஸில் ஒத்திகை பார்ப்பது பாதிப் பயிற்சிதான். விழாவன்று அணியும் காலணியையும் வளையம் வைத்த உள்பாவாடையையும் சில வாரங்கள் முன்பே அணிந்து பழக வேண்டும்.

முழங்கைக்கு மேலேறும் வெள்ளைக் கையுறையை ஒவ்வொரு விரலாக நுழைத்துப் பொறுமையாக ஏற்ற வேண்டும், சாப்பாட்டுக்கு உட்காரும்போது கழற்றிவிட வேண்டும். சாயமேறிய உதட்டைக் கையுறை விரலால் தொடாதிருக்கவும் அவளைப் பழக்குங்கள்.

மகளை மேடைக்கு அழைத்துவரத் தந்தை இல்லையெனில் மாமாவோ தாத்தாவோ அண்ணனோ வரலாம். யாராயினும் வால்ட்ஸ் ஒத்திகைக்கு அவரும் வந்தாக வேண்டும். கடைசியாக, அறிவிப்பாளரிடம் தரும் அட்டையில் மகளின் பெயர், பெற்றோர் பெயர், பள்ளி ஆகியவற்றோடு, பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்பதையும் அசை பிரித்துப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.