ஹீட் டிரேசிங் டியூப் பண்டில் போடுகிறீர்களா?

அனலைசர் (வாயு அல்லது திரவத்தைச் சோதிக்கும் கருவி) சாம்பிள் லைனுக்கு ஹீட் டிரேசிங் டியூப் பண்டில், அதாவது குழாயும் சூடேற்றும் கேபிளும் இன்சுலேஷனோடு ஒரே ஜாக்கெட்டுக்குள் வரும் கட்டு, இழுக்கும்போது, வெட்டிய முனையை ஒரு ராத்திரிகூடத் திறந்து போடாதீர்கள். உள்ளே இருக்கும் கண்ணாடி இழை இன்சுலேஷன் ஈரத்தை இழுத்துக்கொண்டால் அந்த இடத்தில் சூடு நிற்காது. மேலே ஜாக்கெட் மூடியிருப்பதால் சீக்கிரம் காயவும் காயாது. வெட்டிய கையோடு டேப் சுற்றி, அப்புறம் எண்ட் சீல் (முனையை ஈரம் புகாமல் அடைக்கும் மூடி) போடுங்கள்.

கிடைமட்டமாகப் போகும் இடத்தில் சுமார் 1.8 மீட்டருக்கு ஒரு சப்போர்ட் வையுங்கள். கிளாம்ப் இறுகி ஜாக்கெட்டில் பள்ளம் விழுந்தால் இன்சுலேஷன் நசுங்கி, சரியாக அங்கேதான் லைன் குளிரும்.

உள்ளே இருப்பது செல்ஃப் ரெகுலேட்டிங் கேபிள் (குளிருக்கு ஏற்ப சூட்டைத் தானே கூட்டிக் குறைக்கும் வகை) என்றால், கடைசி முனையில் இரண்டு செம்புக் கம்பிகளையும் முறுக்கிச் சேர்க்கவே கூடாது, ஷார்ட் ஆகிவிடும். சப்ளை கொடுக்கும் முன் மெக்கர் (இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். 20 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் சுவிட்சைத் தொடாதீர்கள், முதலில் முனைகளைச் சோதியுங்கள்.