சார்ஜரைக் கழற்றியதும் கேம் திக்குகிறதா? பேட்டரியில் ஆடுவோர் செய்யும் தவறுகள்

சார்ஜர் செருகியிருந்தபோது 90 எஃப்பிஎஸ்ஸில் (நொடிக்கு 90 ஃப்ரேம்) ஓடிய கேம், கழற்றிய மறுநொடி திக்கித் திணறும். உடனே எல்லோரும் செய்வது, விண்டோஸில் பவர் மோடை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' ஆக்குவது. கொஞ்சம் தேறும், அவ்வளவுதான். சில லேப்டாப்களில் இன்னும் மோசமாகக்கூட ஆகும்.

ஏனென்றால் சிக்கல் வாட் கணக்கில் இருக்கிறது. கேமிங் லேப்டாப்களின் சார்ஜர்கள் பெரும்பாலும் 180 முதல் 330 வாட் வரை. பேட்டரியோ, விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோக 100 வாட்-ஹவர்தான் (பேட்டரி தேக்கும் மின்சாரத்தின் அளவு) வரம்பு என்பதால், பெரிய மாடல்களிலும் 99 பக்கம் நின்றுவிடும். சார்ஜர் தரும் அளவு மின்சாரத்தை பேட்டரியிலிருந்து இழுத்தால் செல்கள் சூடேறும், வோல்டேஜ் சரியும். அதனால் தயாரிப்பாளர்களே உள்ளே பூட்டுப் போட்டுவிடுகிறார்கள். எந்த செட்டிங்கும் அந்தப் பூட்டைத் திறக்காது.

இருக்கிற கொஞ்சத்தை சிபியுவும் (முதன்மைச் சிப்) ஜிபியுவும் (படம் வரையும் சிப்) பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' போட்டால் சிபியு டர்போவில் (தற்காலிக அதிவேகம்) எகிறி, ஜிபியுவின் பங்கையும் தின்றுவிடலாம். 'பேலன்ஸ்டு' வைத்து ஒருமுறை ஆடிப் பாருங்கள்.

டர்போவை அடக்க ஒரு பழைய வழி உண்டு: கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்சிமம் ப்ராசசர் ஸ்டேட்' 99 சதவீதம். (புதிய லேப்டாப்கள் பலவற்றில் இது கண்ணில் படாது.) அங்கே 'ஆன் பேட்டரி', 'ப்ளக்டு இன்' என்று இரண்டு வரிகள் இருக்கும். நான் அவசரத்தில் இரண்டிலும் 99 அடித்துவிட்டு மறந்தே போனேன். சார்ஜரில் ஆடும்போதும் கேம் மந்தமாக இருக்க, தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டைக் கடத்தும் பசை) காய்ந்துவிட்டதென்று லேப்டாப்பைப் பிரிக்கவே ஸ்க்ரூடிரைவர் எடுத்துவிட்டேன்.

என்விடியா ஜிபியு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. எஃப்பிஎஸ் ஏறாமல் இறங்காமல் சரியாக 30-இல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது பலவீனமே அல்ல. பேட்டரியை மிச்சம்பிடிக்க என்விடியாவின் 'பேட்டரி பூஸ்ட்' வசதி போட்ட வரம்பாக இருக்கலாம். அதை அணைத்துவிட்டு வரம்பே இல்லாமல் ஓடவிடுவதுதான் அடுத்த தவறு. 60 வாட்-ஹவர் பேட்டரியில் லேப்டாப் மொத்தமாக 60 வாட் இழுத்தால் ஒரு மணி நேரம்கூட முழுதாகத் தாங்காது. 40 வாட்டுக்குள் அடக்கினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்.

கேமுக்குள்ளேயே நீங்களாக ஒரு வரம்பு வையுங்கள். என் தேர்வு 40. ஒரு ஃப்ரேமுக்கு 30 எஃப்பிஎஸ்ஸில் 33.3 மில்லிசெகண்ட், 60-இல் 16.7. 40-இல் 25, அதாவது இரண்டுக்கும் நட்டநடு. திரை 120 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 120 முறை புதுப்பித்தல்) இருந்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் மூன்று முறை சீராக விழும். 60 ஹெர்ட்ஸ் திரையில் 40 வைத்தால் குலுங்கும். அங்கே 30 அல்லது 60தான். ஒன்றும் யோசிக்காமல் திரையை 165 ஹெர்ட்ஸிலேயே விட்டுவைப்பது வீண் செலவு.

சீட்டாட்டம், செஸ் மாதிரி கேம்களுக்குத் தனியாக இருக்கும் பெரிய ஜிபியுவை எழுப்பவே வேண்டாம், சிபியுவோடு சேர்ந்த சின்னதே போதும். விண்டோஸின் கிராஃபிக்ஸ் செட்டிங்கில் அந்த கேமுக்கு மட்டும் 'பவர் சேவிங்' கொடுத்தால் போதும்.

நன்றாக ஓடிய கேம் நடுவில் திடீரென்று படுத்தால், செட்டிங்கைத் தோண்டும் முன் பேட்டரி சதவீதத்தைப் பாருங்கள். பல லேப்டாப்களில் 20-ஐத் தொட்டதும் விண்டோஸ் தானாகவே சேவர் மோடுக்குப் போயிருக்கலாம்.